மில்லுப் பேச்சு

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அது நிச்சயமாகிவிட்டது, ராத்திரி முழுக்க அதையே நினைத்துப் புரண்டு படுத்தாயிற்று, இப்போது சுடலைமணியின் சலூனில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் பூவலிங்கத்தின் மண்டைக்குள் அதுவேதான் ஓடியது. கேட்கவில்லை, சரி, எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை? போன மாதத்திலிருந்தா, போன வருஷத்திலிருந்தா, இல்லை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் முன்னாலிருந்தேயா? கண்ணாடியில் பார்த்தான். பின்னால் பெஞ்சில் அப்பா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷர், உட்கார்ந்தாலும் எழுந்திரிக்கப் போகிறவர் மாதிரியேதான் உட்காருவார். அவர் தலைக்கு மேலே டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே மெயின் ரோட்டில் மினி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஹாரன் சண்டை, பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று பதிவு பண்ணின குரல் ஒன்று வண்டியில் வந்து போனது, எங்கேயோ கோயில் குழாயில் பாட்டு. நாலு வருஷம் கழித்துக் கோவில்பட்டியில் வந்து இறங்கினவனுக்கு முதலில் உறைத்தது வெயில் இல்லை, தூசி இல்லை, இந்தச் சத்தம்தான். மினசோட்டாவில் அவன் வீட்டில் ஃபிரிட்ஜ் மூச்சு விடுவது கேட்கும். பனி பெய்கிற நாளில் அதுவும் கேட்காது, தன் காதுக்குள்ளேயே ஒரு ரீங்காரம் கிளம்பி உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருக்கும்போது ஊர் என்றால் இந்த இரைச்சலைத்தான் நினைத்து ஏங்குவான், வந்து இறங்கின அன்றைக்கே தலையைப் பிடித்துக்கொண்டு என்னடா இது சந்தைக்கடையாட்டம் இருக்கிறது என்று எரிச்சல்பட்டதும் அவனேதான். என்ன ஜென்மமோ. ஆனால் இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அப்பா மட்டும் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை நிதானமாகத் திருப்புகிறார், ஒரு ஹாரனுக்கும் கண் இமைக்கவில்லை, அதைப் பார்த்து வந்த முதல் நாள் அவன் பெருமைப்பட்டான். மனுஷன்னா இப்படி இருக்கணும், எதற்கும் அலட்டிக்காமல், என்று நினைத்தான். மடையன்.

நேற்று நடந்தது இதுதான். அப்பா அடுப்படியில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவன் கூடத்திலிருந்து, அப்பா, பால் பொங்குதுப்பா, என்றான். அவர் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னான். பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது, வாசம் மூக்கில் ஏறின பிறகுதான் அவர் பதறிப்போய் எழுந்து அணைத்தார். அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து அதே பூண்டை எடுத்தார். அவனுக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, சாமி மாடத்திலிருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வேண்டுமென்றே தரையில் போட்டான். அது விழுந்து உருண்டு ஆடி அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுத் தெய்வானையக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னய்யா விழுந்துச்சு, என்று கூப்பாடு போட்டுவிட்டாள். அப்பாவின் தோள் அசையவில்லை. ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டார், இன்னொரு பல்லை எடுத்தார். அப்புறம் எதற்கோ திரும்பினவர் தரையில் கிடந்த தாம்பாளத்தையும் அதன் பக்கத்தில் நின்ற மகனையும் பார்த்தார், ஒரு விநாடிதான், முகம் மாறிச் சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, கை தவறிருச்சாய்யா, என்னமோ சத்தம் கேட்டுச்சேன்னுதான் திரும்புனேன், என்றார். அந்தப் பொய்தான் பூவலிங்கத்தை அறைந்தது. காது கேட்காதது கூட இல்லை, வயதானால் யாருக்கும் வருகிறதுதான், ஆனால் அந்தச் சிரிப்பு பழக்கப்பட்ட சிரிப்பு. எத்தனையோ தடவை பழகி வைத்திருந்த சிரிப்பு. அதற்கப்புறம் வீட்டில் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. வாசல் கதவை எந்நேரமும் திறந்தே போட்டிருப்பது காற்றுக்காக இல்லை. நாற்காலியை ஜன்னலோரம் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பது வேடிக்கை பார்க்க இல்லை, யாராவது வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால் கண்ணில் பட்டுவிட வேண்டும். டச் போன் வாங்கித் தருகிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் வேண்டாம் என்று பட்டன் போனையே சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருக்கிறாரே, அது சிக்கனம் இல்லை, அங்கே வைத்தால்தான் அது அதிர்வது தெரியும். அதிர்ந்தால் எடுப்பார். எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அய்யோ. அங்கேதான் வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். அம்மா இருந்த வரைக்கும் அவள்தான் பேசுவாள், கடைசியில், இந்தா உங்கப்பாட்ட ஒரு வார்த்தை பேசு, என்று கொடுப்பாள், அப்பா, என்னடா நல்லாருக்கியா, என்பார், முடிந்தது. அம்மா போனபோது அவனும் சுபாஷிணியும் விமானம் மாறி விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டிருந்தது. அதற்கப்புறம்தான் அப்பாவும் அவனும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு என்றால் என்ன பேச்சு, அங்க குளிரா, வேலையெல்லாம் எப்படிப் போவுது, இங்க மழையே இல்ல, சரி சரி, உடம்பைப் பாத்துக்க, வச்சிரட்டா. வாராவாரம் அதே வரிசை. ஊரில் பாதி அப்பன்களும் பிள்ளைகளும் அப்படித்தானே பேசுகிறார்கள், அவனுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியெல்லாம் பனி மூடி வெளியே எதுவும் தெரியாமல், அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். நானும் சுபாஷிணியும் பிரிஞ்சிட்டோம்ப்பா. கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா. அவ மேல தப்பில்லப்பா, ரெண்டு பேருக்கும் ஒத்து வரல, அவ்வளவுதான். நான் தனியாத்தான் இருக்கேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, நாற்பது வயது ஆள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அந்தப் பக்கம் அப்பா, ம், ம், என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவன் ஓய்ந்த பிறகு நிதானமாகச் சொன்னார், சரி சரி, நல்லதுய்யா, உடம்பைப் பாத்துக்க, வச்சிரட்டா. நல்லதுய்யா! ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு குத்தல் இல்லை. ஊர் என்ன சொல்லும், அந்தப் பிள்ளையைப் பெத்தவங்களுக்கு என்ன பதில் சொல்ல, எதுவும் இல்லை. நல்லதுய்யா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பூவலிங்கம் அந்தப் பனிக்காலத்தைத் தாண்டினான். அதற்கப்புறமும் அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கிளறவில்லை, அதையும் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். எங்கப்பா மில்லுத் தொழிலாளி, எட்டாவதுதான் படிச்சிருக்கார், ஆனா இந்த விஷயத்துல அவர் நடந்துகிட்ட மாதிரி எந்தப் படிச்சவனும் நடந்துக்க மாட்டான் என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கிற தெலுங்குக்காரனிடம் பெருமை அடித்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்பா எதையும் மன்னிக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினபோது அவர் இவனுக்குப் பின்னால் எதையோ தேடினாரே, அது பையை இல்லை, மருமகளைத்தான். மறுபடியும் சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னதற்கே உயிர் போய் உயிர் வந்தது, இனி முகத்துக்கு நேரே. அதுவும் எப்படி, கத்திச் சொல்ல வேண்டும், அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, விவாகரத்து என்ற வார்த்தையை, சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானையக்கா காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, தெருவே கேட்க. தாளில் எழுதி நீட்டலாம். நீட்டினால் என்ன அர்த்தம்? உமக்குக் காது கேக்கலைன்னு எனக்குத் தெரியும் என்று அர்த்தம். இத்தனை பாடுபட்டு மறைத்து வைத்திருக்கிற மனுஷனிடம் அதை எப்படி நீட்டுவது? சொல்லாமலே போய்விட்டால் என்ன? போன தடவையைப் போலவே டாட்டா காட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டால்? அவரும் வாராவாரம் சரி சரி என்பார், இவனும் சொல்வான். அப்படியே ஒரு நாள் அவர் இல்லாமலும் போவார்.

தாடி முழுசா எடுத்துரவா தம்பி, என்று கேட்டுக்கொண்டே சுடலைமணி தண்ணீரைப் பீய்ச்சினார். சில்லென்று கழுத்தில் இறங்கியது. முழுசா எடுங்கண்ணே, என்றான். அப்பா உத்தரவு அது. பஸ்ஸை விட்டு இறங்கின உடனே முதல் வார்த்தையே, என்னடா இது காடு மாதிரி, மொகமே தெரியல, முதல்ல தாடியை எடு, என்பதுதான். வீட்டுக்கு வந்தும் அதே பாட்டு, நேற்று ராத்திரி சாப்பிடும்போதும் அதே பாட்டு, இன்று காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாடி யோசித்து வளர்த்தது இல்லை. சுபாஷிணி போன பிறகு கண்ணாடி பார்ப்பது குறைந்துபோய்த் தானாக வளர்ந்தது. எப்ப வந்தீக தம்பி, என்றார் சுடலைமணி. சொன்னான். எப்பப் போறீக? அடுத்த கேள்வி, வந்த ஆளை உட்காரக்கூட விடாமல். ஊரில் யாரைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்வியும் ஒட்டிப் பிறந்ததுபோல ஒன்றாகத்தான் வருகிறது, பதில் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதற்கடுத்த கேள்வியும் தெரியும். வீட்டுல வரலயாக்கும்? லீவு கெடைக்கலண்ணே. அதையும் சரளமாகச் சொல்ல வந்துவிட்டது. சொல்லும்போது கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தான், அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து சுடலைமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமணி நுரைப் பிரஷ்ஷைக் குழைத்தபடி அப்பா பக்கம் திரும்பி, பேரன் பேத்தி எடுக்குற நேரத்துல பிள்ளை இப்படித் தாடியோட வந்து நிக்காகளே அண்ணாச்சி, என்று கேலி பண்ணினார். அப்பா சட்டென்று, அதுக்குத்தான ஒன்ட்ட கூட்டியாந்தேன், நீ அவனை மாப்பிள்ளை ஆக்கி விடு, என்றார். பூவலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்கிறது! டிவி காதைக் கிழிக்கிறது, வாசலில் லாரி ஒன்று புகையும் சத்தமுமாக நிற்கிறது, இவனுக்கே சுடலைமணி சொன்னது பாதிதான் விழுந்தது, அப்பா முழுசாகக் கேட்டுப் பட்டென்று பதிலும் சொல்லுகிறார். மேலும் இரண்டு பேச்சு ஓடியது, வெயிலைப் பற்றி, வார்டில் தண்ணீர் வராததைப் பற்றி. ஒன்றும் பிசகவில்லை. அப்படியானால் நேற்று? பூண்டு உரிப்பதில் மனது லயித்திருக்கலாம். வயதானவர்கள் அப்படித்தான், ஒரு காரியத்தில் இறங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் நல்லதுய்யா என்றிருக்கிறார். அப்பா, என் அப்பா, என்று நெஞ்சு பொங்கிக்கொண்டு வந்தது, சோப்பு நுரைக்குள்ளேயே சிரித்தான். பல்லுல சோப்பு போயிரும் தம்பி, வாயை மூடுங்க, என்றார் சுடலைமணி.

அந்தச் சந்தோஷம் ஒரு கன்னம் மழிக்கிற நேரம்தான் இருந்தது. சுடலைமணி புது பிளேடு எடுக்கக் குனிந்து கீழ் இழுப்பறையைத் துழாவிக்கொண்டே, அண்ணாச்சி, கோயில் கொடைக்கு இந்த வருஷம் தம்பி இருப்பாகளா, என்று கேட்டார். அப்பா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு, தாம்பாளச் சிரிப்பு, தயாராக வந்து நின்றது. சுடலைமணி நிமிர்ந்தார், திரும்பினார், கேட்டதையே அப்பா முகத்தைப் பார்த்து மறுபடி ஒரு தடவை கேட்டார், அலுப்பில்லாமல், தினமும் செய்கிற வேலை போல. அப்பா உடனே, எங்க, அதுக்குள்ள பறந்துருவாம்லா, என்றார். பூவலிங்கம் கண்ணாடியில் அப்பாவின் கண் போகிற இடத்தைப் பார்த்தான். அது சுடலைமணியின் கண்ணில் இல்லை, வாயில் இருந்தது. அட கடவுளே. மில்லுப் பேச்சு! இதை எப்படி மறந்தான்? சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை ஆயுத பூஜைக்கு அப்பா மில்லுக்குள் கூட்டிக்கொண்டு போனார். சாமி கும்பிட்ட பிறகு பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்களை ஓட்டினார்கள், அந்த இரைச்சலில் இவன் பயந்து காதைப் பொத்திக்கொண்டு அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டான். அங்கே ஒருத்தரும் கத்திப் பேசவில்லை. கத்தி என்ன பிரயோஜனம்? மிஷினுக்கு அந்தக் கோடியில் நிற்கிறவர் வாயை மட்டும் அசைக்கிறார், இந்தக் கோடியில் அப்பா சிரிக்கிறார், அப்பா வாயை அசைக்கிறார், எதிர்க்கோடிக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார், சத்தமே கிடையாது. உதட்டை நன்றாக விரித்து, மெதுவாக, எழுத்து எழுத்தாக. மில்லில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது தாய்ப்பாஷை மாதிரி. அம்மாவும் கற்றுக்கொண்டாள். மில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் தூக்குச்சட்டியோடு அவள், நடுவில் வாட்ச்மேன், ஒரு சத்தமில்லாமல் ஒரு குடும்பச் சண்டையே நடந்து முடிந்துவிடும். வீட்டில் இவன் முன்னால் பேசக் கூடாததையெல்லாம் இவன் தலைக்கு மேலே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். எல்லார் வீட்டிலும் அப்பா அம்மா இப்படித்தான் பேசுவார்கள் என்று பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சம் இவனுக்கும் பிடிபட்டது, பையன், வேண்டாம், நாளைக்கு, இந்த மாதிரிச் சின்னச் சின்ன வார்த்தைகள். பிடிபட்டது என்று காட்டிக்கொள்ள மாட்டான், காட்டினால் திரும்பி நின்று பேசுவார்கள். மில்லுதான் அப்பாவின் காதைத் தின்றது, அதே மில்லுதான் காது இல்லாமல் பேசவும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. எதிரே இருக்கிறவர்களிடம் அவருக்கு ஒரு குறையும் இல்லை. போன்தான். போனுக்கு உதடு ஏது? அப்புறம் இந்தத் தாடி. தன் பிள்ளை ஒருத்தன் வாய்தான் அவருக்குத் தெரியவில்லை, பாவம், மூன்று நாளாக, தாடியை எடு தாடியை எடு என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார், இவன் பழைய காலத்து ஆள் என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறான்.

தாடி போய்விட்டது. கன்னம் குளிர்ந்தது, தாடைக்குக் கீழே யாருடையதோ போல ஒரு வெள்ளைத் தோல் தெரிந்தது. மீசை மட்டும் நின்றது, தாடியோடு தாடியாகக் கண்டபடி வளர்ந்து மேலுதட்டை மூடி, கீழுதட்டின் விளிம்பு வரை தொங்கிக்கொண்டு. சுடலைமணி சீப்பை வைத்து இரண்டு பக்கமும் கத்தரித்து முறுக்கிவிடப் பார்த்தார். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணாடியையே பார்த்தார். அதையும் எடுத்துரு, என்றார். சுடலைமணியின் கை அப்படியே நின்றுவிட்டது. எதை அண்ணாச்சி? மீசையை. சுடலைமணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நல்லாருக்கே பேச்சு, நீங்க குத்துக்கல்லாட்டம் நிக்கையில பிள்ளைக்கு நான் மீசையை எடுக்கவா, தகப்பன் இருக்கும்போது எவனாவது மீசையை எடுப்பானா, வாயில நல்ல வார்த்தையே வராதா ஒமக்கு, என்று பொரிந்து தள்ளினார். கோபத்தில் நீங்க போய் ஒமக்கு ஆகிவிட்டது. தகப்பன் போனால் பதினாறாம் நாள் மீசையை எடுக்கிறதுதான் ஊர் வழக்கம். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் மீசையில் கத்தி வைத்தால் பார்க்கிறவன், யாரு போனா, என்றுதான் கேட்பான். நான் செத்தப்பறம் அவன் எடுத்தா எனக்குத் தெரியவா போவுது சுடலை, என்றார் அப்பா, உசுரோட இருக்கையில எம்பிள்ளை மொகத்தை ஒரு தடவை முழுசாப் பாத்துக்கிடுதேன், நீ எடு. சுடலைமணி பூவலிங்கத்தைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்க தம்பி என்று. அப்பா சொல்றபடி எடுங்கண்ணே, என்றான். இந்த ஊரில் மீசையில்லாமல் அப்பாவோடு தெருவில் நடந்து போனால் எத்தனை பேர் நிறுத்திக் கேட்பார்கள், தெய்வானையக்கா வாயில் கை வைத்துக்கொண்டு நிற்பாள், அதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நிற்கிறார். பிள்ளை என்ன பேசுகிறான் என்று பார்க்க வேண்டும் அவருக்கு, அதற்காகத் தன் ஆயுசைக்கூடப் பணயம் வைப்பார். சுடலைமணி முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே பிளேடை வைத்தார். இரண்டு இழுப்புதான். படிகாரக் கல்லைத் தேய்த்ததும் மேலுதடு சுரீர் என்றது. பாவத்தைக் கழுவுகிறவர் மாதிரி, கையைக் கழுவிட்டு வாரேன், என்று சுடலைமணி பின்பக்கத் தொட்டிக்குப் போய்விட்டார்.

கண்ணாடியில் இரண்டு முகம் தெரிந்தது. டிவி கத்திக்கொண்டிருந்தது, லாரி இன்னும் நகரவில்லை. சொல்லிவிடு, என்றது உள்ளே ஒன்று, இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. இன்றைக்கு வேண்டாம், சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்றது இன்னொன்று. இதே இன்னொன்றுதானே நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிட்ட பிறகு சாப்பிட்ட பிறகு என்று ஏமாற்றிக்கொண்டு வருகிறது. பூவலிங்கம் கண்ணாடியைப் பார்த்து, குரலை எடுக்காமல், வாயை மட்டும் அசைத்தான். அப்பா. ஒரு விநாடி அவர் உடம்பு முழுக்க ஆடிப்போனது. பிறகு அவர் உதடும் அசைந்தது, சத்தமில்லாமல், அத்தனை வேகமாக, என்னய்யா, என்று. நானும் சுபாஷிணியும் பிரிஞ்சிட்டோம்ப்பா. அப்பா நெற்றியைச் சுருக்கினார், தலையை ஆட்டினார், மறுபடி சொல்லு. மறுபடி சொன்னான், உதட்டை நன்றாக விரித்து, மெதுவாக. பிரிஞ்சிட்டோம். கோர்ட்டுல முடிஞ்சுபோச்சு. ஆச்சரியம், அழுகை வரவில்லை. குரல் இருந்தால்தானே உடையும். அப்பாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. எப்ப? ரெண்டு வருஷமாச்சுப்பா. அவர் வாய் திறந்தபடி நின்றது, அப்புறம், ரெண்டு வருஷமா, தனியாவா கெடக்க, என்றது. தலையை ஆட்டினான். வாராவாரம் பேசுனியேடா, என்றார் அப்பா. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வாராவாரம் பேசுனியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒனக்குத் தோணலையாடா? சொன்னேனேப்பா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னேன், அழுதுக்கிட்டே சொன்னேன், நீங்க சரி சரி நல்லதுய்யான்னு சொல்லி வச்சீங்க. சொல்லிவிட்டால் இவன் மேல் குற்றம் இல்லை. ஆனால் அப்புறம் அந்த மனுஷர் என்ன ஆவார்? பிள்ளை விக்கி விக்கி அழுத நேரத்தில் நல்லதுய்யா என்று சொல்லிப் போனை வைத்தோம் என்று தெரிந்தால் அவர் தூங்குவாரா? ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சாகிற வரைக்கும் தேடிக்கொண்டிருக்க மாட்டாரா, இன்னும் எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை என்னென்ன சொன்னானோ என்று? வேண்டாம். சாமி, வேண்டாம். சொல்லலப்பா, என்றான் பூவலிங்கம். பயமா இருந்துச்சுப்பா, சொல்லாதது தப்புத்தான். அப்பா அவன் தலையில் கை வைத்தார், கொஞ்சம் அழுத்தியே வைத்தார், கோபமா பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் உதடு நடுங்கினாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத் தெரிந்தது. என்னடா பயம், பெத்த அப்பன்ட்ட? போன்ல ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. நான் கேட்டிருப்பேன்லா. ஆமாப்பா, என்றான் பூவலிங்கம், சொல்லிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க.